பார்த்துக்கொள்ளப்படும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், விடிகாலையில் பால் திரிந்துபோனதும் நான் கேட்காமலே ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்ற பக்கத்து வீட்டம்மாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 'அது கடவுள் செய்தது' என்று முடித்தது சிலருக்குப் பிடித்திருக்கிறது, சிலருக்குக் கோபம் வந்திருக்கிறது, ஒருவர் பால் பாக்கெட்டைப் பிரிட்ஜில் வைக்கச் சொல்லி அறிவுரை எழுதியிருக்கிறார். வைக்கிறேன். மற்றக் கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: எங்கள் சபையில் மாதத்தின் முதல் வெள்ளி பெண்கள் கூட்டத்தில் கடவுள் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லச் சொல்வார்கள். ஒருத்தி மகனுக்குக் கனடா விசா கிடைத்ததைச் சொல்வாள், இன்னொருத்தி ஆபரேஷன் இல்லாமலே கட்டி கரைந்ததைச் சொல்வாள். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இருபதாம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கும், எப்படியோ ஒன்றாம் தேதி வந்துவிடும். கடவுள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, செய்தார் என்று சொல்ல ஆதாரமும் இல்லை. நான் என்ன செய்யட்டும் அக்கா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் 'எப்படியோ' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, உங்கள் சாட்சி முழுவதையும் அதற்குள்ளே அமுக்கி வைத்துவிட்டீர்கள். இருபதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் பத்துப் பதினொரு நாள் இருக்கிறது, அத்தனை நாளும் அடுப்பு எரிந்திருக்கிறது, பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். அது எப்படி என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தீர்களா?

எங்கள் அம்மா கதையைச் சொல்கிறேன். அப்பா தவறிப்போன வருஷம் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மளிகைக்கடையில் பற்று நோட்டு. நீளவாக்கில் இருக்கும், அட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அதைக் கொண்டுபோய் நீட்டினால் அண்ணாச்சி சாமானைப் போட்டுவிட்டு காதில் செருகியிருக்கிற பென்சிலை எடுத்து எழுதுவார். மாதக் கடைசியில் அம்மா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தால் நோட்டில் எப்போதும் குறைவாகவே இருந்தது. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், "அண்ணாச்சி, உப்பும் புளியும் எழுதாம விட்டுட்டீங்க" என்றாள். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உப்புக்கெல்லாம் கணக்கு எழுதக் கூடாதும்மா" என்றார். சரி, உப்புக்கு எழுதக் கூடாது. அடுத்த மாதம் தேங்காயெண்ணெய்க்கும் எழுதவில்லை, அதற்கடுத்த மாதம் கால் கிலோ துவரம்பருப்பு.

வீட்டில் சபைக் காலண்டர் தொங்கும். பால்காரர் வராத நாளுக்கு அம்மா அதில் ஒரு சுழி போடுவாள், எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் சில கட்டங்களில் சுழிக்குப் பதில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அது என்ன என்று கேட்டேன். "அண்ணாச்சி எழுத மறந்த நாள்" என்றாள். அவர் மறக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். அந்த அம்மா சபையில் எழுந்து நின்று ஒரு தடவைகூடச் சாட்சி சொன்னதில்லை, உங்களைப் போலத்தான், சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பாள்.

'யேகோவாயீரே' என்று ஷேர் ஆட்டோ முதுகிலும் ஸ்டிக்கர் பார்க்கிறோம், ஜெராக்ஸ் கடைப் பலகையிலும் பார்க்கிறோம். கர்த்தர் கொடுப்பார் என்று பொருள் வைத்துக்கொண்டிருக்கிறோம், தப்பில்லை. ஆனால் அந்த எபிரெயச் சொல்லின் வேர் 'பார்' என்பதுதான். தமிழில் பெயர்த்தவர்கள் இதற்குக் கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. பலியிடப் போகிற வழியில் மகன் ஈசாக்கு, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கும்போது ஆபிரகாம், தேவன் 'பார்த்துக்கொள்வார்' என்கிறான், ஆதியாகமம் 22. "ஊருக்குப் போறேன், பிள்ளையைப் பார்த்துக்கோ" என்று நாம் சொல்கிற அதே பார்த்துக்கொள்வதுதான், கண்ணும் அதற்குள் இருக்கிறது, கஞ்சியும் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன வார்த்தை 'பின்னாக'. கொம்பு சிக்கிக்கொண்ட ஆட்டுக்கடா அவனுக்குப் பின்னால் புதரில் நின்றது. முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் ஆபிரகாமுக்கும் அது தெரிந்திருக்காது.

அதனால் இந்த மாதம் திரும்பிப் பாருங்கள். ரிப்பன் வைத்த டைரி எல்லாம் வாங்கவேண்டாம், அது மூன்றாம் நாளே அலமாரிக்குப் போய்விடும். வரவுசெலவு எழுதுகிற நோட்டு இருக்கிறதல்லவா, அதன் ஓரத்திலேயே எழுதுங்கள். சிலிண்டர் தீரும் என்று நினைத்த தேதிக்கு மேல் ஆறு நாள் ஓடியது. மீன்காரம்மா கூறு போட்டதற்கு மேல் ஒரு கைப்பிடி சாளை அள்ளிப் போட்டார். வீட்டுக்காரருக்குத் திரும்பி வருகிற வழியிலும் ஒரு லோடு கிடைத்தது, டீசல் காசு மிச்சம். ரேஷன் அரிசியும் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் போய்வருவதும்கூட எழுதலாம். அரசாங்கம் தருவது எப்படிக் கடவுள் தந்ததாகும் என்று யாராவது கேட்டால், வேதாகமத்தில் ரூத் என்ற ஏழை விதவை அறுவடை வயலில் பொறுக்கிய கதிரைக் காட்டுங்கள். வயலோரத்தை முற்ற அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்பது லேவியராகமம் 19இல் உள்ள சட்டம். அவள் சட்டப்படி தனக்கு உரியதைத்தான் பொறுக்கினாள், அதை யாரும் பிச்சை என்று சொல்லவில்லை, கிருபை இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ் அதற்கு மேலேயும் ஒன்று செய்தான். அவளுக்காக அரிகளில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லி வைத்தான். எங்கள் அண்ணாச்சி செய்ததும் அதுதான். காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை வாங்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வருகிறது, சிரிக்காதீர்கள்.

எல்லா நாளும் எழுத ஏதாவது இருக்கவேண்டும் என்று உங்களை நீங்களே படுத்தவும் வேண்டாம். இல்லாத நாளில் இல்லை என்று விட்டுவிடுங்கள். வனாந்தரத்தில் காலையில் தரையில் கிடந்ததைப் பார்த்து இஸ்ரவேலர் கேட்டது 'இது என்ன?' என்றுதான், அந்தக் கேள்வியே மன்னா என்று பெயராகிவிட்டது. தலைக்கு ஒரு ஓமர் அளவு. நாளைக்கு என்று எடுத்து வைத்தால் பூச்சி பிடித்து நாறியது. அந்த ஜனங்களே பிறகு 'இந்த அற்பமான உணவு' என்று அலுத்துக்கொண்டார்கள், வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுதார்கள். ஆகவே உங்களுக்கு அலுப்பு வந்தால் நீங்கள் முதல் ஆளில்லை.

அடுத்த வெள்ளி எழுந்திருங்கள். கனடா விசாவுக்கு அடுத்து அந்தக் கைப்பிடி சாளையைச் சொல்லுங்கள். அரை நிமிஷம் போதும்.

கேள்வி: நான் ஸ்டாப்புக்குப் போனதும் பஸ் வந்தால் என் நண்பன் 'கடவுள் அனுப்பினார்' என்கிறான். பார்க்கிங் கிடைத்தால் கடவுள், மழை நின்றால் கடவுள். இதெல்லாம் தற்செயல் இல்லையா? எதற்கெடுத்தாலும் கடவுளை இழுக்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: 'தற்செயல்' வேதாகமத்திலேயே இருக்கிற வார்த்தைதான் தம்பி. மேலே சொன்ன அதே ரூத், இரண்டாம் அதிகாரம்: தற்செயலாய் அவள் போன வயல் போவாசுடையதாக இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதினவருக்குக் கதையின் முடிவு தெரியும், ஆனாலும் தற்செயல் என்றே எழுதிவிட்டு மேலே போகிறார். அவருக்கு இல்லாத அவசரம் உங்கள் நண்பருக்கு எதற்கு?

எனக்கு பஸ் விஷயத்தில் வேறு ஒரு சங்கடம் உண்டு. கடைசி சீட் எனக்குக் கிடைத்தது கடவுள் செய்தது என்றால், எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு வந்தவளுக்கு அவர் என்ன செய்தார்? அடுத்தவனுக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்ததை எல்லாம் ஆசீர்வாதக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் கடவுள் எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிற ஆள் ஆகிவிடுவார். நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான், யார் மேலும் திணிக்கவில்லை: கிடைத்ததில் ஒரு பகுதியாவது இன்னொருவர் கைக்குப் போகிற மாதிரி இருந்தால் தாராளமாகக் கடவுள் பேரைச் சொல்கிறேன். சீட் கிடைத்ததா, அந்தப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்புறம் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லுங்கள் உங்கள் நண்பரை.

கேள்வி: டீக்கடையில் ஒரு வடை சாப்பிடும்போதும் கண்ணை மூடி ஜெபிக்கவேண்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே ஜெபியுங்கள். மூடினால் வடை ஆறிவிடும், ஊரில் காக்காயும் அதிகம்.

கேள்வி: நீங்கள் பாலைப் பற்றி எழுதியதைப் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் தம்பிக்கு மூன்று வருஷம் டயாலிசிஸ். சபையே கூடி ஜெபித்தது. பணம் புரட்ட முடிந்தவரை புரட்டினோம், கிட்னி கிடைக்கவில்லை, போன வருஷம் போய்விட்டான். ஒரு டம்ளர் பாலுக்கு வழிசெய்கிற கடவுளுக்கு இதற்கு வழி தெரியாமல் போனதா?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கிற மாதிரி எழுதினால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். சாவு வீட்டில் வந்து 'கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் செய்திருப்பார்' என்று சொல்லிவிட்டு காபி குடித்துப் போனவர்கள் மேல் எனக்கும் கோபம் பாக்கி இருக்கிறது.

எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த கதையைப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம், அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, மழை பெய்யாததால் கேரீத் ஆறு வற்றிப்போயிற்று என்று இருக்கிறதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கடவுள் போய் ஒளிந்துகொள்ளச் சொன்ன இடத்திலேயே தண்ணீர் வற்றியது. கடவுள் ஏன் அதை வற்றவிட்டார் என்று அங்கே ஒரு வரிகூட விளக்கம் இல்லை. பதின்மூன்றாம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று ஆரம்பிக்கிறது, நம் பாட்டுப் புத்தகங்களில் இந்த ராகத்துக்கு இடம் குறைவு, அது நம் குறை. நீங்கள் இப்போது சின்ன நன்மைகளை எண்ணவேண்டியதில்லை. யாராவது எண்ணச் சொன்னால் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து கொடுங்கள். உடுக்கத் துணியும் அன்றன்றைக்கு ஆகாரமும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் மட்டும் சொன்னால் பிரயோஜனமென்ன என்று அதில் கேட்டிருக்கிறது.

இதையும் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் வீட்டுக்காரர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எதிர்க் கட்டிலில் இருந்தவரின் மனைவி, ஊர் பேர் தெரியாது, சாயங்காலம் ஒரு பிளாஸ்க்கில் நொய்க்கஞ்சி கொண்டுவந்து மூடியில் ஊற்றி என் கையில் வைத்தார். அவர் மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட தழும்பு ஒன்று, புதிது, இன்னும் ஆறவில்லை. கஞ்சியில் உப்பு கொஞ்சம் தூக்கல். அன்றைக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை, அதற்கப்புறம் இரண்டு வருஷம் அதை நினைத்ததும் இல்லை. வீட்டுக்காரர் பிழைக்கவில்லை. அந்தக் கஞ்சியை என் கேள்விக்குப் பதில் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கஞ்சி கஞ்சிதான். ஆனால் அதைக் குடித்தேன், அந்த மனுஷிக்கும் அன்று நல்ல சேதி ஒன்றும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. உங்களுக்கு எழுத முடிந்தால் மறுபடி எழுதுங்கள், பத்திரிகையில் போடமாட்டேன், தனியாகப் பதில் போடுகிறேன்.

கேள்வி: என் மாமியார் இந்து. எங்களுடையது காதல் கல்யாணம். ராத்திரி தட்டில் சோறு போட்டதும் 'இன்னைக்கும் படியளந்துட்டான்' என்பார். எனக்கு உள்ளுக்குள் ஆமென் வருகிறது. சொன்னால் தப்பா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் வார்த்தை உங்கள் வேதாகமத்திலேயே இருக்கிறது. நீதிமொழிகள் 30, ஆகூர் செய்த ஜெபம்: தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், 'என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்'. தமிழில் இதைப் படிக்கிறவனுக்குக் கிடைக்கிற சுகம் வேறு யாருக்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி, களத்தில் கூலியாக நெல்லைப் படியால் அளந்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றைக்கும் சம்பளச் சீட்டில் அகவிலைப்படி, பயணப்படி என்று அந்தப் படியைத்தானே தேடுகிறோம். களஞ்சியத்தை அளந்து தாரும் என்று ஆகூர் கேட்கவில்லை பாருங்கள். நிறைந்துபோனால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேனோ, இல்லாமல்போனால் திருடிவிடுவேனோ என்று தன்னைப் பற்றியே அவனுக்குப் பயம்.

அளக்கிறவர் யார் என்பதில் உங்கள் இரண்டு பேருக்கும் கருத்து வேறாக இருக்கலாம், அதைச் சோறு ஆறுவதற்குள் தீர்க்கவேண்டியதில்லை. கடவுள் யார் கையில் கொடுத்து அனுப்புகிறார் என்பதில் அவர் நம்மைப் போலக் கண்டிப்பானவராகத் தெரியவில்லை. காகம் லேவியராகமத்துப் பட்டியலில் அருவருப்பான பறவை, அதன் வாயில் வந்ததைத்தான் எலியா தீர்க்கதரிசி சாப்பிட்டார். ஆறு வற்றினதும் போய்ச் சேர்ந்த சாறிபாத் சீதோன் நாட்டு ஊர், மாவும் எண்ணெயும் குறையாமல் இருந்தது யூதரல்லாத ஒரு புறஜாதி விதவையின் வீட்டில். இதை இயேசு நாசரேத் ஜெபாலயத்தில் ஞாபகப்படுத்தினார், கேட்டவர்கள் அவரை மலையுச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவ்வளவு கோபம்.

எங்கள் பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறக்கமுடியாது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, தண்டவாளத்துக்குக் கீழே மண்ணை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, உள்ளே சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், அவர்களுக்கே சுற்றிலும் தண்ணீர், வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட்டார்கள். அந்த ரயிலில் எத்தனை கிறிஸ்தவர்கள் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று ஜெபித்திருப்பார்கள். வந்த சோற்றை எந்த அடுப்பில் வெந்தது என்று யாரும் விசாரித்திருக்கமாட்டார்கள்.

ஆமென் சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லலாம். முதல் நாள் மாமியார் திரும்பிப் பார்ப்பார், அப்புறம் பழகிவிடும்.

கேள்வி: நான் இன்னும் சோறு வைக்கும்போது சபைக்கென்று பிடி அரிசி எடுத்து வைக்கிறேன். மருமகள், 'கூகுள் பேயில் நூறு ரூபாய் போட்டுவிட்டுப் போகலாமே அத்தை' என்று சிரிக்கிறாள். பழைய வழக்கத்தை விட்டுவிடவா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: விடாதீர்கள். மருமகள் நூறு ரூபாயையும் போடட்டும், அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? மிசோரம் பெண்கள் இதையே 1910இல் ஆரம்பித்து, ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி ஒதுக்கி, அதை விற்ற காசில் ஊழியத்தைத் தாங்கி வருகிறார்கள், இன்றுவரை நடக்கிறது. கையில் காசே புழங்காத வீட்டிலும் அரிசிப் பானைக்குள் கை போகும், அதனால் பிடித்துக்கொண்ட வழக்கம் அது. இன்னொன்றும் உண்டு, பணம் அனுப்பும்போது போனைப் பார்க்கிறோம், பிடி அரிசி எடுக்கும்போது பானையைப் பார்க்கிறோம். இன்றைக்கு இவ்வளவு இருக்கிறது என்று தினமும் மூன்று வேளை கண்ணால் கண்டுகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மருமகளை ஒரு வாரம் அவள் கையாலே எடுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு விண்ணப்பம், உங்களுக்கு இல்லை, எங்கள் சபையாருக்கு: வண்டு விழுந்த அரிசியைப் பிடி அரிசிப் பையில் தட்டாதீர்கள். மாதக் கடைசியில் அதை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து புடைக்கிறவள் நான்தான்.